துணிச் சிறகு வைத்த குதிரை

சித்திரை பிறந்து பள்ளிக்கூடங்கள் அடைபட்டுவிட்டால் நம் இல்லங்கள்தோறும் ஒரு கேள்வி எழுகின்றது. ஒரு மாதத்துக்கும் மேலான விடுமுறையில் பிள்ளைகளை எவ்வாறு மகிழ்விப்பது? அதுவும் மிகுந்த செலவின்றி எவ்வாறு மகிழ்விப்பது? பெரும்பாலோர் இதனைக் குடும்பச் சிக்கனம் பற்றிய கேள்வியாகவே கருதுகின்றனர். நமக்கோ இது அறத்தைப் பற்றிய கேள்வியாகத் தோன்றுகின்றது. உணவும் உடையும் கல்வியும் தருவது பெற்றோர் மீது கடமை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. விளையாட்டு அந்தக் கடமைகளின் வரிசையில் சேருமா? அன்றி, கையில் காசு மிஞ்சியபோது நாம் காட்டும் தயவு மட்டுந்தானா? கடமையென்றால் காசில்லாதவன் அதனை எங்ஙனம் நிறைவேற்றுவான்?

இக்கேள்வியைக் கம்பம் பள்ளத்தாக்கிலே வைத்துப் பார்ப்போம். கோடையில் வெளியூர்க்காரர் பலர் இவ்வூரைக் கடந்து குமுளிக்கும் தேக்கடிக்கும் செல்கின்றனர். படகு, விடுதி, வாகன வாடகை என்று அவர்களைப் போல நாமும் புறப்பட்டால், நடுத்தரக் குடும்பம் ஒன்றின் ஒரு மாதக் கறிச்செலவு ஒரே பகலில் கரைந்துவிடும். அருகிலிருக்கும் சுருளியருவிக்குச் செல்வதென்றாலும் வனத்துறைக்கு நுழைவுக் கட்டணம் உண்டு; யானைகள் நடமாடினால் வழியும் அடைபடும். ஆனால் இப்பள்ளத்தாக்குக்கு இறைவன் வேறொன்றை வழங்கியிருக்கின்றான். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரால் இங்கு 14,707 ஏக்கர் நிலம் இருபோகம் நெல் விளைகின்றது. இரண்டாம் போக அறுவடை முடிந்து, பெரும்பாலும் ஜூன் முதல் தேதியன்று முதல் போகத்துக்குத் தண்ணீர் திறக்கும் வரையில் வயல்கள் காய்ந்து கிடக்கின்றன. அதாவது பள்ளிகளுக்கு விடுமுறை விடும்போது வயல்களுக்கும் விடுமுறை. அறுத்த தாளை மிதித்துச் சமப்படுத்தி, தென்னை மட்டையைச் செதுக்கிப் பந்தடிக்கும் மட்டையாக்கிக்கொண்டு, பொழுது சாயும்வரை ஓடியாடும் சிறுவரிடம் எவரும் கட்டணம் கேட்பதில்லை.

விளையாட்டுப் பொருள்களும் அவ்வாறே. தென்னைக்குப் பஞ்சமில்லாத ஊரிது. உதிர்ந்த குரும்பையில் ஈர்க்குகளைச் செருகினால் தேர். ஓலைக் கீற்றை மடித்தால் கைக்கடிகாரம், பந்து, பாம்பு, காற்றாடி. சோளத்தட்டையின் நெட்டியையும் சிம்பையும் பிரித்துக் கோத்தால் மூக்குக் கண்ணாடியும் மாட்டுவண்டியும் பிறக்கும். நுங்கு தின்று எறிந்த கூந்தல் இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவைக்கம்பால் தள்ளினால் அதுவே வாகனம். பூவரச இலையைச் சுருட்டினால் ஊதல். நன்னியின் பெட்டியில் பல்லாங்குழிக் கட்டையும் புளியங்கொட்டையும் இருந்தால் வெயில் தாழும் வரை நடுக்கூடத்தில் பிள்ளைகள் அடங்கியிருப்பர். பல்லாங்குழி இல்லையென்றால் தரையில் குழியெழுதிக் கொள்ளலாம். இவற்றுள் கடையில் வாங்கத் தக்கது ஒன்றுமில்லை.

இவ்விடத்தில் அபூதாவூத் தொகுப்பில் இடம்பெற்றுள்ள ஒரு நிகழ்ச்சி நம் நினைவுக்கு வருகின்றது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு போர்ப் பயணத்திலிருந்து திரும்பியிருக்கின்றார்கள். காற்றடித்து மாடத்தின் திரை விலகுகின்றது. உள்ளே அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகள். அவற்றின் நடுவே ஒரு குதிரை. அதற்குக் கந்தல் துணியால் இரண்டு சிறகுகள். இது என்ன என்று கேட்கின்றார்கள் நாயகம். குதிரை என்று விடை வருகின்றது. அதன் மேல் இருப்பது என்ன என்று மீண்டும் கேட்கின்றார்கள். சிறகுகள் என்று விடை வருகின்றது. குதிரைக்குச் சிறகுண்டோ என்று வியந்து கேட்டதற்கு, சுலைமான் நபியவர்களிடம் சிறகுள்ள குதிரைகள் இருந்ததைத் தாங்கள் கேட்டதில்லையா என்று அன்னையவர்கள் திருப்பிக் கேட்கின்றார்கள். அது கேட்ட பெருமானார் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள் என்பது அறிவிப்பு.

இந்நிகழ்ச்சியை நம் மேடைகளிலே நாயகத்தின் இல்லற இனிமைக்குச் சான்றாகச் சொல்லுவர். அது சரியே. எனினும் இதில் செலவான பொருள் என்ன, செலவானது வேறு எது என்று கணக்கிட்டுப் பாருங்கள். பொருள் ஒரு கந்தல் துணி. செலவானதோ, படை நடத்தித் திரும்பிய ஒருவருடைய நேரமும் கவனமும். அவர்கள் ஒரு கேள்வியோடு நிறுத்தவில்லை, அடுத்தடுத்துக் கேட்டார்கள். விடை தெரிந்திருந்தும் கேட்டார்கள் என்றே நாம் கருதுகின்றோம். விளையாடுபவர் தமக்கு விளக்கம் சொல்லும்படி இடங்கொடுத்து, அந்த விளக்கத்தில் மகிழ்ந்தும் போனார்கள். அந்தக் கேள்விகள் இல்லாவிட்டால் அந்தக் குதிரை ஒரு துணிமூட்டை மட்டுமே.

புகாரீ, முஸ்லிம் தொகுப்புகளில் காணப்படும் மற்றொரு நிகழ்ச்சி இதனை இன்னும் தெளிவாக்குகின்றது. பெருநாளன்று அபிசீனியர் சிலர் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு நிகழ்த்துகின்றனர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பார்க்க விரும்புகின்றார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அன்னையவர்களைத் தமக்குப் பின்னே மறைவாக நிறுத்தித் தாமும் நிற்கின்றார்கள். எவ்வளவு நேரம்? அன்னையவர்களுக்கே சலித்து அவர்களாகத் திரும்பும் வரையில். விளையாட்டில் நாட்டமுள்ள இளம் பெண்ணொருத்தி எவ்வளவு நேரம் நிற்பாள் என்று நீங்களே மதிப்பிட்டுக் கொள்ளுங்கள் என்னும் கருத்துப்பட அன்னையவர்கள் பிற்காலத்தில் எடுத்துரைத்தார்கள். அவ்விளையாட்டைப் பார்க்கப் பணம் எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் ஒருவர் நிற்க வேண்டியிருந்தது.

ஆகவே நாம் சொல்ல வருவது இதுதான். பிள்ளைகளின் விளையாட்டு பணத்தைப் பொறுத்தவரை மலிவானது. நேரத்தைப் பொறுத்தவரை மலிவானதன்று. மலிவாக மகிழ்விப்பது எப்படி என்று கேட்கும் நம்மில் பலர் உண்மையில் கேட்பது, பணமும் தராமல் நேரமும் தராமல் அவர்களைச் சத்தமின்றி இருக்கச் செய்வது எப்படி என்பதையே. அதற்கு இன்று கைபேசி வந்துவிட்டது. மாதக் கட்டணம் எப்படியும் கட்டியாயிற்று; பிள்ளை கையில் கொடுத்தால் மேற்கொண்டு ஒரு காசும் இல்லை. வீடு அமைதியாகிவிடுகின்றது. அத்தா கணக்குப் பார்க்கலாம், அம்மா உறங்கலாம். எல்லாவற்றிலும் மலிவான விளையாட்டு அதுவே என்று தோன்றும். கைபேசியே ஷைத்தான் என்று கூறுவோரின் கட்சியில் நாம் இல்லை. அதிலே கிராஅத் கேட்டுத் திருத்தமாக ஓதப் பழகும் பிள்ளைகள் உண்டு. ஆயினும் துணிச் சிறகைக் காட்டி அதற்கொரு கதை சொல்லும் பிள்ளையை, பிறர் வரைந்து முடித்த குதிரையை விரலால் தள்ளிக்கொண்டிருக்கும் பிள்ளையாக அது ஆக்கிவிடுகின்றது. அது என்ன என்று கேட்பாரும் இல்லை. கேட்டாலும் சொல்லுவதற்கு அந்தப் பிள்ளையிடம் கதை இல்லை.

மார்க்கப் பற்றுள்ள சிலர் வேறொரு மறுப்பைக் கூறுவர். இவ்வுலக வாழ்வே விளையாட்டும் வீண் வேடிக்கையும் என்று திருமறை இகழ்கின்றதே. பிள்ளைகளை அதிலே பழக்குவானேன் என்பர். அல்ஹதீத் அத்தியாயத்தின் அவ்வசனத்தை முழுவதுமாக ஓதிப் பார்ப்பது நல்லது. விளையாட்டையும் வேடிக்கையையும் சொல்லிவிட்டு, அலங்காரத்தையும், ஒருவருக்கொருவர் பெருமையடித்தலையும், செல்வத்திலும் மக்களிலும் போட்டியிடுதலையும் அது அடுக்கிச் சொல்கின்றது. அது கோலி உருட்டும் ஏழு வயதுச் சிறுவனை நோக்கிய பேச்சன்று. பிள்ளையின் மதிப்பெண்ணைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணோடு வைத்து அளக்கின்ற நம்மை நோக்கிய பேச்சு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் பிள்ளை வளர்ப்பைக் கூறுமிடத்தில், ஓதும் பள்ளியிலிருந்து திரும்பிய பிள்ளைக்குக் களைப்பு நீங்கும்படி நல்ல விளையாட்டுக்கு அனுமதி வேண்டும் என்கின்றார்கள். எந்நேரமும் பாடத்திலேயே நெருக்கி விளையாட்டைத் தடுத்தால் பிள்ளையின் உள்ளம் செத்து, அறிவு மழுங்கி, வாழ்வே கசந்து, தப்பிக்கும் தந்திரங்களைத் தேடத் தொடங்குமென்றும் எச்சரிக்கின்றார்கள். கோடைக் காலத் தீனியாத் வகுப்புகள் நம் பள்ளிவாசல்களில் நடைபெறுவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் காலையில் தீனியாத், பிறகு கணிதப் பயிற்சி, மாலையில் ஆங்கிலப் பேச்சு என்று விடுமுறையை மற்றொரு பள்ளிக்கூடமாக்கும் பெற்றோர் கஸ்ஸாலி இமாமின் அந்தப் பகுதியை ஒருமுறை படிக்கட்டும்.

விளையாட்டென்றால் எதுவும் ஆகும் என்பதன்று. பந்தயம் வைத்தால் கோலியும் சூதே; பல்லாங்குழியில் காசு வைத்தாலும் அப்படியே. பகடை உருட்டும் ஆட்டத்தை நாயகம் (ஸல்) அவர்கள் வெறுத்துரைத்த நபிமொழி உண்டாதலால் தாயத்தை ஆலிம்கள் விரும்புவதில்லை. தும்பியின் வாலில் நூல் கட்டிப் பறக்கவிடுவதும், உயிருள்ளதைக் குறிவைத்துக் கவணடிப்பதும் வேண்டா. உயிருள்ள கோழியைக் கட்டிவைத்து அம்பெய்த இளைஞர்களை இப்னு உமர் (ரலி) அவர்கள் கண்டித்த செய்தி அனைவரும் அறிந்ததே.

நம் உள்ளத்தை மிகவும் உறுத்துவது பெண்பிள்ளைகளின் நிலை. விடுமுறை விட்டால் பையன்களுக்குத் தெருவும் வயலும் உண்டு. பத்துப் பதினொரு வயதுப் பெண்ணுக்கு என்ன உண்டு? தம்பியை இடுப்பில் சுமப்பது, வெங்காயம் உரிப்பது, மாடியில் வற்றல் காயப்போட்டுக் காகம் விரட்டுவது. வேலை பழகுவது நல்லதுதான், பையனும் பழகட்டும். ஆனால் பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் மூடியதென்றால் விடுமுறை பிறக்கவில்லை, வீட்டு வேலை பிறந்தது என்பதே பல வீடுகளில் நடைமுறை. இதற்கு மார்க்கத்தைத் துணைக்கழைப்பவரும் உளர். அவர்கள் மேற்சொன்ன நிகழ்ச்சிகளைத் திரும்பப் பார்க்கட்டும். பொம்மையும் சிறகுக் குதிரையும் ஈட்டி விளையாட்டும் எல்லாம் பெண்ணைப் பற்றிய செய்திகள். தோழியர் பொம்மை விளையாட வந்திருக்கும்போது நாயகம் நுழைந்தால் அவர்கள் நாணி ஒளிந்துகொள்வர். நாயகமோ அவர்களை மீண்டும் விளையாட அனுப்பிவைப்பார்கள் என்று புகாரீயில் காண்கின்றோம். அபிசீனியாவிலிருந்து வந்த உம்மு காலித் என்னும் சிறுமி தந்தையுடன் நாயகத்திடம் வந்தபோது, அவர்களுடைய முதுகிலிருந்த நபித்துவ முத்திரையைத் தொட்டு விளையாடத் தொடங்கினாள். தந்தை அதட்டினார். விட்டுவிடும்படி நாயகம் சொன்னார்கள். எந்த முத்திரையைப் பற்றிப் பேசும்போதே நாம் குரலைத் தாழ்த்துகின்றோமோ, அது ஒரு சிறுமியின் கைக்கு விளையாட்டுப் பொருளாக அனுமதிக்கப்பட்டது.

தோழியர் ஒளிந்த செய்தியில் மற்றொரு நுட்பமும் இருக்கின்றது. பெரியவர் வந்தவுடன் விளையாட்டு நின்றுபோகின்றது. நேரம் கொடுப்பதென்றால் எந்நேரமும் பிள்ளைகளின் நடுவே அமர்ந்து இப்படி ஆடு, அப்படி ஆடாதே என்று நடத்துவதன்று. அது விளையாட்டையும் பாடமாக்கிவிடும். பிள்ளைக்குச் சலிப்புத் தட்டுவதும் நோயன்று. சலித்துச் சலித்துத்தான் துணிக்குச் சிறகாகும் யோசனை பிறக்கின்றது. “அத்தா, பொழுதே போகவில்லை” என்று சொன்னவுடன் கடைக்கு ஓட வேண்டியதில்லை. கேட்டால் விடைசொல்லும் தொலைவில் இருந்தால் போதும்.

அந்தக் காலத்தில் எங்களுக்கு யார் நேரம் கொடுத்தார், நாங்களாகவே விளையாடி வளர்ந்தோம் என்று பெரியோர் சொல்லக் கேட்கின்றோம். நாங்களாகவே என்பதுதான் சரியன்று. தெருவே காவல் இருந்தது. திண்ணையிலிருந்த எவரும் மாமுவாகவோ பெரியத்தாவாகவோ இருந்து அதட்டும் உரிமை பெற்றிருந்தார். இன்று திண்ணைகள் இடிபட்டுக் கடைகளாயின; தெருவில் இருசக்கர வாகனங்கள் பாய்கின்றன; வயலோரங்களில் மனைப்பிரிவுக் கற்கள் நிற்கின்றன. ஆறும் வாய்க்காலும் கிணறும் அப்படியே இருக்கின்றன. நீந்தத் தெரிந்த பிள்ளைகள் குறைந்துவிட்டனர். ஆகவே பெற்றோரின் அச்சத்தை நாம் எள்ளி நகையாடமாட்டோம். யூசுஃப் நபியின் வரலாற்றில் அண்ணன்மார் தந்தையிடம் கேட்டது, தம்பி உண்டு களித்து விளையாட எங்களோடு அனுப்புங்கள் என்பதே. யஃகூப் நபியவர்கள் விளையாட்டு ஆகாது என்று சொல்லவில்லை. நீங்கள் கவனமின்றி இருக்கையில் ஓநாய் தின்றுவிடுமே என்றுதான் அஞ்சினார்கள். அஞ்சியும் அனுப்பினார்கள். தீங்கு ஓநாயிடமிருந்து வரவில்லை, உடன்சென்றவரிடமிருந்து வந்தது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். பிள்ளை எங்கே போகின்றான் என்பதைக் காட்டிலும் யாரோடு போகின்றான் என்பதை விசாரிப்பது தந்தையின் வேலை. கைபேசிக்குள் போகும் பிள்ளைக்கும் இது பொருந்தும்.

வாரத்தில் ஒரு நாளேனும் கூடவே செல்ல முடிந்தவர்களுக்கு இந்தப் பள்ளத்தாக்கே பெரியதொரு நூல். லோயர் கேம்ப்புக்குப் பேருந்தில் போய்வரப் பெருஞ்செலவில்லை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. அங்கே மலைச்சரிவில் இறங்கும் பெரிய குழாய்களைக் காட்டி, மேற்கே அரபிக் கடலுக்கு ஓடிய பெரியாற்றை 1895-இல் அணைகட்டி முடித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய வரலாற்றைச் சொல்லலாம். நம் வீட்டுச் சோறு அந்தச் சுரங்கத்தின் வழியாக வருகின்றது என்று அறியும் பிள்ளையின் கண்ணில் தோன்றும் வியப்பு எந்த ராட்டினத்திலும் கிடைப்பதன்று. பென்னிகுவிக் துரையின் நினைவு மண்டபமும் 2013 முதல் அங்கே இருக்கின்றது.

ஆனால் இவையெல்லாம் நேரத்தைத் தம் விருப்பம்போல் செலவிடக் கூடியவர்களுக்குரிய யோசனைகள். நேரத்தை விற்றுத்தான் சோறு உண்ண வேண்டும் என்றிருப்பவர்களின் நிலை என்ன? விடியுமுன்னே சோற்றுத் தூக்குடன் ஜீப்பில் ஏறி, கம்பமெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய், பொழுதிறங்கித் திரும்பும் தாய்மார் இப்பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றனர். பிள்ளைக்காக ஒருநாள் நிற்பதென்றால் ஒருநாள் கூலி போயிற்று. அவர்களிடம் சென்று, காசு வேண்டாம் நேரம் கொடுங்கள் என்று உபதேசிப்பது கொடுமை. அவர்களுடைய நேரந்தான் அவர்களுடைய காசு. இன்னொன்றையும் எண்ண வேண்டும். காமராசர் காலத்தில் 1956-இல் தொடங்கி, 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரிவாக்கி, 2022-இல் காலை உணவும் சேர்ந்த அந்தப் பள்ளிக்கூடத்துச் சோறு கோடை விடுமுறையில் நின்றுவிடுகின்றது. மற்றப் பிள்ளைகளுக்கு விளையாட்டு நேரமாகிய இதே நாட்களில் அந்தப் பிள்ளைகளுக்குச் சோற்று நேரம் ஒன்று குறைகின்றது.

அவர்களில் நம் சமுதாயத்தவரும் உண்டு, பிறரும் உண்டு. பிள்ளைகள் எல்லாரும் ஒரே தெருவில்தான் விளையாடுகின்றனர். அண்டை வீட்டான் பசித்திருக்கத் தான் மட்டும் வயிறார உண்பவன் விசுவாசியல்லன் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். விளையாட்டு பிள்ளையின் உரிமை என்று உலக நாடுகள் 1989-இல் கூடி எழுதிக்கொண்ட உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு கூறுகின்றது. இந்தியா 1992-இல் அதில் இணைந்தது. உரிமையென்றால் அதனைக் கொடுக்கவேண்டியவர் யாராவது இருக்க வேண்டும். பெற்றோரால் முடியாதபோது அப்பொறுப்பு மஹல்லாவின் மீது இறங்குகின்றது என்பது நம் கருத்து. ஜனாஸாவைச் சிலர் அடக்கினால் அனைவர் கடமையும் நீங்குவதுபோல, சிலர் நின்றால் தெருவுப் பிள்ளைகள் அனைவர்க்கும் போதும். இதனை ஃபர்ளு கிஃபாயா என்று தீர்ப்புச் சொல்ல நாம் ஆலிம் அல்லோம். அதன் சாயல் இருக்கின்றது என்று மட்டும் சொல்வோம்.

காரியமாகப் பேசினால் வேண்டுவது மிகக் குறைவு. காலையில் தீனியாத் வகுப்பு நடந்த மதரஸாக் கூடம் லுஹர் தொழுகைக்கு முன்பே பூட்டப்படுகின்றது. அங்கே நிழலும் தண்ணீரும் மின்விசிறியும் இருக்கின்றன. அஸர் பாங்கு வரை அதனைத் திறந்துவைக்கலாம். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்ட பெரியவர்களும் ஜமாஅத்தில் பலர் உண்டு. ஆளுக்கு வாரத்தில் ஒரு பிற்பகல் வந்து அமரட்டும். பெண்பிள்ளைகள் பகுதிக்கு நன்னிமார் வரட்டும். சொட்டாங்கல்லும் பல்லாங்குழியும் அவர்களைவிட யார் அறிவார்? அரசுக் கிளை நூலகத்திலிருந்து கதைப் புத்தகங்கள் எடுத்து வரலாம். ரமலான் மாதத்தில் நாள்தோறும் நோன்புக் கஞ்சி காய்ச்சிச் சட்டி சட்டியாய் ஊருக்கே ஊற்றிய அதே அண்டாக்கள் பள்ளிவாசலின் பின்கட்டில் கவிழ்ந்து கிடக்கின்றன. நாற்பது நாட்கள் பகலில் ஒருவேளைக் கஞ்சி என்பது, அவ்வளவு காய்ச்சிப் பழகிய ஜமாஅத்துக்குப் பெரிய காரியமன்று. வருகின்ற பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை, எந்தச் சமயத்துப் பிள்ளை என்று வாசலில் கேட்கக் கூடாது. இந்த ஒரு நிபந்தனையை மட்டும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

வேலையைச் சித்திரையிலேயே தொடங்கியாக வேண்டும். ஜூன் பிறந்து மதகு திறந்தால் வயல்களில் நாற்றங்கால் போட்டுவிடுவர். பந்தடித்த இடமெல்லாம் சேறாகிவிடும். அப்போது பள்ளிக்கூடங்களும் திறந்துவிடும்.